இருபத்துநாலாவது பதியம்

செங்கல் இருபத்துநாலு இருந்தது.

அவள் வைத்தது இருபத்துமூன்று. முந்தாநாள் மத்தியானம், பங்களாவின் பின்பக்கத்து ரோஜா வரிசையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொடி ரோஜாவின் நீளக் கிளைகளை ஒவ்வொன்றாக வளைத்து மண்ணில் அமுக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு செங்கல் வைத்தவள் அவள்தான். வேலை முடிந்ததும் நோட்டில் இருபத்துமூன்று என்று எழுதியவளும் அவள்தான். இப்போது பூவாளியைக் கீழே வைத்துவிட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கும் எண்ணிப் பார்த்தாள். வரிசையின் கடைசியில், எந்தச் செடியின் கிளையும் எட்டாத வெறும் மண்ணில், மற்றவற்றைப் போலவே ஒழுங்காக, ஒரு செங்கல் தனியாக உட்கார்ந்திருந்தது.

தூக்கக் கலக்கத்தில் நாமேதான் வைத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். சமீப காலமாக எல்லாவற்றுக்கும் அவளிடம் இருந்த பதில் அதுதான். போன வாரம் மூக்குக் கண்ணாடியை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு வீடு பூராவும் தேடியவள் அவள். ஒரு செங்கல்லைக் கூடுதலாக வைத்தது ஒரு பெரிய விஷயமா என்ன. பூவாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

எட்டு ஏக்கர் தோட்டம். முன்பக்கம் புல்வெளி, இரண்டு பக்கமும் ஆள் உயர வேலிச்செடி, நடுவில் அல்லிக்குளம், வடக்கே எலுமிச்சையும் கொய்யாவும் மாதுளையும், பின்னால் தொட்டிச்செடிகளுக்கான பச்சை வலைக் கொட்டகை, அதற்கும் பின்னால் மூன்று உரக்குழிகள். ஒரு காலத்தில் ஏழு பேர் பார்த்த வேலை. ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, இப்போது தண்ணீர் திறந்துவிடும் மோட்டார் அண்ணனும் அவளும்தான் மிச்சம். அவளை எல்லோரும் மேஸ்திரியம்மா என்று கூப்பிடுவார்கள். மேய்க்க ஓர் ஆள் இல்லாவிட்டாலும் மேஸ்திரி மேஸ்திரிதானே. புல்லை வெட்டி முடித்துத் திரும்பினால் வேலிச்செடி தலைவிரித்து நிற்கும். வேலிச்செடியைக் கவாத்து செய்து முடித்தால் கொய்யா உதிர்ந்து அழுகிக் கிடக்கும். அதை அள்ளிக் குழியில் கொட்டிவிட்டு நிமிர்ந்தால் புல் மறுபடியும் வளர்ந்திருக்கும். செடிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

வேலை அதோடு முடிந்தாலாவது பரவாயில்லை. ரோஜா வரிசையிலிருந்து நாற்பது எட்டு எடுத்து வைத்தால் அவர்கள் குடியிருக்கும் வேலைக்காரர் வீடு; ஓர் அறை, ஒரு சமையல் மேடை, ஒரு குளியலறை. அறையில் இரும்புக் கட்டிலில் அவளுடைய வீட்டுக்காரர் படுத்திருந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டிய மனிதர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. வலப்பக்கம் மொத்தமாகப் போய்விட்டது. படுக்கைப்புண் வராமலிருக்க மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் போடவேண்டும், பகலிலும் ராத்திரியிலும். கட்டில் கம்பியில் ஒரு பழைய சைக்கிள் பெல்லை முடுக்கி வைத்திருந்தாள். ஒரு தரம் அடித்தால் தண்ணீர். இரண்டு தரம் அடித்தால் திருப்பிப் போடணும். மூன்று தரம் அடித்தால் ஓடி வரணும். தோட்டத்தில் எந்த மூலையில் இருந்தாலும் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்துவிடும்.

"ரெண்டு பக்கமும் வெந்துட்டேன்டி, இறக்கிடு" என்பார், அவள் இடுப்பில் கைகொடுத்துத் திருப்பும்போது. கோணிய வாயால் அவர் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரிப்பாள். பிறகு குழாயடிக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் கொஞ்சம் அழுவாள். கோபமெல்லாம் இல்லை. அலுப்பு, அவ்வளவுதான்.

அவர்களுக்கு வேறு நாதி கிடையாது. பிள்ளை இல்லை, சொந்தக்காரர்கள் முதல் மாதத்தோடு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வேலை போனால் வீடும் போகும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்கு உண்டு. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த மனுஷன் பெல்லை அடித்துக்கொண்டே இருப்பார், யார் வருவார்கள்?

பதியம் போட்ட அந்த மத்தியானம் முதலாளியம்மா போனில் கூப்பிட்டதும் ஆள் இல்லாத இந்தக் கஷ்டத்தைப் பற்றித்தான் பேச்சு வந்தது. இன்னும் ஆறு வாரத்தில் தோட்டத்தில் பெரிய விருந்தாம், இருநூறு பேராம், நடைபாதையின் இரண்டு ஓரத்திலும் அதே கொடி ரோஜா வேண்டுமாம். அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் கிளையும் ஒரு கையில் கத்தியுமாகப் பேசினாள்.

"அம்மா, ஒண்டியா முடியலம்மா. ஒரே ஒரு ஆள் போட்டுக் குடுங்க."

"ஆள் கிடைக்கலயே, நான் என்ன பண்ணட்டும்? வர்றவன் எவனும் ஒரு வாரம் தங்க மாட்டேங்கறான். உன்னை மாதிரி இன்னும் ஆறு பேர் இருந்தா எனக்கென்ன கவலை, சொல்லு."

"என்னை மாதிரி இன்னும் ஒருத்தி இருந்தாலே போதும்மா" என்றாள் அவள். அதை வேண்டுதலைப் போலத்தான் சொன்னாள், ஏனென்றால் அந்த நேரத்தில் உலகத்தில் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பதியம் போடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நீளமான கிளையைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டாமலே வளைத்து, ஒரு கணுவுக்குக் கீழே கத்தியால் சாய்வாக ஒரு கீறல் போட்டு, அந்தக் கீறல் உள்ளே இருக்கும்படி மண்ணில் புதைத்து, எழும்பாமலிருக்க ஒரு கம்பிக் கொக்கியைக் குத்தி, மேலே செங்கல் வைத்துவிட வேண்டும். நாற்பது நாள் கிளை தாயின் சாற்றைக் குடித்துக்கொண்டு கிடக்கும். காயம் பட்ட இடத்தில் சதை தடித்து, வெள்ளை வேர் விடும். அப்புறம் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரே வெட்டு. பிள்ளை தனிச்செடி ஆகிவிடும். நல்ல தாய் என்றால் அதோடு விடுவதில்லை. மறுபடியும் வளைத்து, மறுபடியும் புதைத்து, ஒரே வருடத்தில் பத்துப் பன்னிரண்டு எடுக்கலாம். அதற்குப் பிறகு அது களைத்துப்போகும். அப்போது பிடுங்கி உரக்குழியில் போட்டுவிடுவாள்.

அன்றைக்கு இருபத்துமூன்றாவது கிளையை முடித்தபோது அவளுக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டுக் கத்தியைத் துடைக்கும்போது இடதுகை ஆட்காட்டி விரலில், மேல் கணுவுக்குக் கீழே, சாய்வாக ஆழமாகக் கீறிக்கொண்டாள். ரத்தம் நிற்பதற்காக விரலை அப்படியே ஈர மண்ணுக்குள் குத்தி வைத்தாள். மண் குளுகுளுவென்று இருந்தது. தலைக்கு மேலே வண்டுகள் ரீங்காரம் போட, தூரத்தில் மோட்டார் ஓடும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருக்க, உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப்போனாள். எவ்வளவு நேரமோ தெரியாது. பெல் இரண்டு தரம் அடித்ததும் திடுக்கிட்டு விழித்து, கையை உருவிக்கொண்டு எழுந்து ஓடினாள்.

இதெல்லாம் செங்கல்லை எண்ணிய அன்றைக்கு அவள் நினைவில் இல்லை. ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. பூவாளியோடு வரிசையின் கோடியில் நின்றவள், எழுந்து ஓடுவதற்கு முன்னால் தன் வலதுகை என்ன செய்தது என்பதைச் சட்டென்று கண்டாள். இருபத்துமூன்று தடவை செய்த வேலையைக் கை பழக்கத்தில் இன்னும் ஒரு தடவை செய்தது. விரல் இருந்த குழியை மூடியது. கொக்கியைக் குத்தியது. செங்கல்லை எடுத்து மேலே வைத்தது.

"உள்ள ஒண்ணும் இல்லியே" என்று வாய்விட்டுச் சொன்னாள். அவளுடைய ரத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

செங்கல்லை நகர்த்திக் கொக்கியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மண் கெட்டியாக இறுகியிருந்தது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தபோது இடதுகை ஆட்காட்டி விரலில், கட்டுப் போட்டிருந்த காயத்துக்குள், சுரீரென்று ஒரு வலி தோள்பட்டை வரைக்கும் ஏறியது. கொக்கியை விட்டாள். வலி நின்றது. மறுபடியும் தொட்டாள். மறுபடியும் வலித்தது.

அவள் செங்கல்லை இருந்த இடத்திலேயே வைத்தாள். வேர் பிடிக்கிற நேரத்தில் பாதியில் தோண்டினால் பிள்ளையும் போகும், தாயும் வாடும் என்பது அவளுக்கே தெரிந்ததுதான். அப்படி ஒரு நினைப்பு ஏன் வந்தது என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

அதற்குப் பிறகு வந்த அசதி பழைய அசதி இல்லை. பழைய அசதி இடுப்பிலும் முழங்காலிலும் இருந்தது, படுத்தால் கொஞ்சம் இறங்கும். இது விரலில் ஆரம்பித்தது. உள்ளே இருந்து யாரோ கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்வதுபோல், காலையில் எழும்போதே கை வெளுத்துச் சுருங்கியிருக்கும். இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். ஆனாலும் ரவிக்கை தோளில் நழுவியது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ஆனாலும் நாக்கு ஒட்டியது. விரல் காயம் ஆறவில்லை, அழுகவும் இல்லை. அதைச் சுற்றிச் சதை தடித்து, வெளிறி, கெட்டியான ஒரு வளையம் வைத்துக்கொண்டது. அப்படிப்பட்ட வளையத்தை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள், ஆனால் கிளையில்.

"என்னடி, ஆளே பாதியாயிட்டே?" என்றார் வீட்டுக்காரர். "என் படுக்கைய நீ பிடுங்கிக்காதே. எனக்கு வேற எடம் இல்ல."

"வேலைங்க. விருந்து முடிஞ்சா சரியாயிடும்."

"கிட்ட வா, கையக் காட்டு."

அவள் இடதுகையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு வலதுகையைக் காட்டினாள்.

மூன்றாவது வாரம் வளையத்திலிருந்து வெள்ளையாக நூல் நூலாக ஏதோ எட்டிப் பார்த்தது. நகம் வெட்டியால் வெட்டினாள். வலிக்கவில்லை. மறுநாள் மறுபடியும் வந்தது. குளிக்கும்போது பாதத்தைத் தேய்த்தால் குதிகாலிலும் அதே மாதிரி, கல்லில் பாசி பிடித்ததுபோல், மெல்லிய வெள்ளை. தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ரோஜா வரிசையில் ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றால் போதும், செருப்பு மண்ணில் ஒட்டிக்கொண்டு, காலைத் தூக்கும்போது மெல்லிய நார் அறுபடும் சத்தம் கேட்டது. அதனால் அந்தப் பக்கம் நிற்பதை விட்டாள். தண்ணீரை நடந்துகொண்டே ஊற்றினாள்.

ஒரு நாள் சாயங்காலம் மோட்டார் அண்ணன் சாவியைக் கொடுக்க வந்தார். அறுபது வயதுக்காரர், யார் வம்புக்கும் போகாதவர். கிளம்பியவர் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"மேஸ்திரியம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. அசதியா இருந்தா வீட்டுக்குள்ள வந்து படுங்க. ஈர மண்ணுல அப்படிப் படுத்தா உடம்புக்கு ஆகாது."

"நான் எங்கண்ணே மண்ணுல படுத்தேன்?"

"இப்பத்தான். ரோஜா வரிசைக் கோடியில. பாதி உடம்பு மண்ணு மூடிக் கெடந்தீங்களே. தூங்கறீங்கன்னு எழுப்பாம வந்துட்டேன்."

அவள் அந்த ஒரு மணி நேரமும் வீட்டுக்குள் வீட்டுக்காரருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் ஈரத்துணி இன்னும் இருந்தது. மோட்டார் அண்ணன் அந்தத் துணியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே, மகளுக்குப் பிரசவம், மூன்று நாள் வரமுடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். மகளுக்குக் குழந்தை பிறந்து ஒரு வருடம் ஆகிறது. இருட்டுவதற்குள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கமே போகவில்லை, தண்ணீரைக்கூடத் தூரத்திலிருந்தே ரப்பர் குழாயில் பீய்ச்சிவிட்டாள். ஆனால் நாற்பது எட்டுத் தூரம் ஒரு தூரமா? சன்னலைத் திறந்தால் காற்றில் மண் வாசனையோடு இன்னொரு வாசனை வந்தது. வலிக்காக அவள் தினமும் இடுப்பில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை. முதலில் தன் மேலிருந்துதான் வருகிறது என்று நினைத்தாள். தைலம் தேய்ப்பதை நிறுத்திப் பார்த்தாள். அப்போதும் வந்தது. மத்தியானத்தில் வண்டுகளும் அடங்கிப்போகும் அந்த அரைமணி நேரத்தில் காதைத் தீட்டிக் கேட்டால் தரையோடு தரையாக ஒரு மூச்சு கேட்டது. இழுத்து விடுகிற மூச்சு. நன்றாக, நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் விடுகிற மூச்சு.

அவளுக்குப் பயத்தை மீறி ஒரு பொறாமை வந்தது. அப்படித் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று.

விருந்துக்கு இரண்டு நாள் இருந்தது. முதலாளியம்மா காலையிலேயே கூப்பிட்டு, நாளைக்கு வருகிறேன், ரோஜாவெல்லாம் நடைபாதையில் இருக்கவேண்டும் என்றார். பதியங்களைப் பிரித்து நடவேண்டும். தட்டிக்கழிக்க வழியில்லை. வீட்டுக்காரரைத் திருப்பிப் போட்டு, பக்கத்தில் தண்ணீர் வைத்து, பெல் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்தாள்.

"சீக்கிரம் வந்துடு" என்றார் அவர். வழக்கமாக அப்படிச் சொல்லமாட்டார். "இன்னிக்கு என்னமோ தொண்டை அடைக்கிற மாதிரி இருக்கு."

"கூப்பிட்டா ஓடி வந்துடுவேன்ல?"

"அது தெரியும்."

களைக்கொத்தையும் கவாத்துக் கத்தரியையும் எடுத்துக்கொண்டு போனாள். முதல் கோடியிலிருந்து ஆரம்பித்தாள். செங்கல்லை எடுப்பது, கொக்கியைப் பிடுங்குவது, தாய்ப்பக்கம் ஒரு வெட்டு, மண்ணோடு அள்ளித் தொட்டியில் வைப்பது. இருபத்துமூன்றும் வேர் பிடித்திருந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. வேறு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மூன்று நாள் என்று போன மோட்டார் அண்ணன் திரும்பி வரவே இல்லை; மோட்டார் ஓடாததால் தோட்டத்தில் சத்தமே இல்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது. இல்லை, இரண்டு மூச்சு கேட்டது.

கடைசிச் செங்கல் சாய்ந்து கிடந்தது. அதன் கீழே மண் ஆள் நீளத்துக்கு மேடிட்டு வெடித்திருந்தது; மோட்டார் அண்ணன் பார்த்த பாதியையும் மண் மறுபடி மூடியிருந்தது.

இன்றைக்கு இதை முடித்துவிட வேண்டும் என்று அவள் நினைத்தாள். நாளைக்கு முதலாளியம்மா வந்து இதைப் பார்த்தால் வேலை போகும், வீடு போகும். தோண்டி எடுத்து உரக்குழியில் போட்டு மூடிவிட்டால் தீர்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். விழாமலிருக்க இடதுகையை மண்ணில் ஊன்றினாள்.

ஊன்றியிருக்கக் கூடாது.

விரலிலிருந்த வெள்ளை நூல்கள் மண்ணுக்குள் இறங்குவதை அவள் உணர்ந்தாள். கையை இழுத்தாள். வரவில்லை. வலதுகையால் வெறிபிடித்தவள்போல் கொத்தினாள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

ஒரு நகம். ஒரு விரல். காயமில்லாத விரல். மணிக்கட்டு. முழங்கை. தோள்.

முகம்.

அவளுடைய முகம்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை. நெற்றியில் சுருக்கம் இல்லை. கல்யாணமான புதிதில்கூட அவளுக்கு இப்படி ஒரு தூங்கி எழுந்த முகம் இருந்ததில்லை. உதட்டோரத்தில் ஒரு மண்கட்டி மூச்சுக்கு ஏற்ப அசைந்தது. அந்த உடம்பின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து பென்சில் தடிமனில், வெளுத்த ஒரு தண்டு மண்ணுக்குள் போய், மறுபடி எழும்பி, அவள் விரலில் முடிந்தது. தண்டு துடித்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் அவளுக்குத் தலை சுற்றியது.

கத்த வாயைத் திறந்தாள்.

பெல் அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்று.

"இதோ வந்துட்டேங்க!"

எழ முயன்றாள். விரல் இழுத்தது. பெல் மறுபடியும் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, நிற்காமல். அதற்கு நடுவே ஒரு இருமல். அடைத்துக்கொண்ட, வெளியே வராத இருமல். அவள் எதையும் யோசிக்கவில்லை. கத்தரியை எடுத்தாள். தண்டை நடுவில் வைத்தாள். வெட்டினாள்.

கிளிக்.

வலி நின்றது. எல்லாம் நின்றது. கை விடுபட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, தான் என்ன செய்தோம் என்று. இந்த ஒரே மத்தியானத்தில் இருபத்துமூன்று தடவை செய்திருக்கிறாள். வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தடவையோ. வேர் பிடித்த பதியத்தைத் தாயிடமிருந்து வெட்டினால் அது சாவதில்லை.

மண்ணில் கிடந்த முகம் கண்ணைத் திறந்தது.

அவள் ஓடுவதற்காக எழுந்து காலை உதறினாள். கால் வரவில்லை. குனிந்து பார்த்தாள். பாதம் இல்லை. கணுக்கால் இல்லை. முழங்காலுக்குக் கீழே மண்தான் இருந்தது. எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. வலிக்கவே இல்லை.

மற்றவள் எழுந்து உட்கார்ந்தாள். தலையை உலுக்கி மண்ணைத் தட்டினாள். அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெட்டது ஒன்றும் இல்லை. பதியம் எடுத்து முடித்தபின் தாய்ச்செடியை அவள் பார்ப்பாளே, இன்னும் எவ்வளவு தாங்கும் என்று, அந்தப் பார்வை. பிறகு எழுந்து, துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்த சேலையை உருவிச் சுற்றிக்கொண்டு, நாற்பது எட்டையும் ஓட்டமாக ஓடினாள். அந்த மாதிரி ஓட இவளால் முடிந்து பத்து வருடம் ஆகிறது.

"வந்துட்டேங்க. இதோ, வந்துட்டேன்."

அவளுடைய குரல். பெல் நின்றது. முதுகில் தட்டும் சத்தம். ஒரு பெரிய இருமல். இழுத்து விட்ட ஒரு மூச்சு. அப்புறம் தண்ணீர் குடிக்கும் சத்தம்.

"செத்தேன்னு நெனச்சேன்டி" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "என்னடி இது, இன்னிக்கு இவ்வளவு லேசாத் தூக்கற? கை சில்லுனு இருக்கு. நல்லா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

இரண்டு வருடமாக அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லை. மண்ணில் நின்றவள் அழுதாள். அவர் பிழைத்துவிட்டார். பெல் அடித்தால் போக ஒரு ஆள் இருக்கிறது. அந்த ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது, அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவள் நடுங்கிப்போனாள். அவரைக் கூப்பிட நினைத்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

வெயில் இறங்கியது. வீட்டுக்குள் போன் மணி அடித்தது. சன்னல் வழியாக ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

"எல்லாம் ரெடிம்மா. நல்லா வேர் பிடிச்சிருக்கு. நீங்க கவலையே படாதீங்க. ஆள்தானே? நான் பாத்துக்கறேன்மா. ஒரு நாப்பது நாள் பொறுத்துக்கோங்க."

கதவு திறந்தது. மற்றவள் வந்தாள். குளித்திருந்தாள், ஈரத் தலையை முடிந்திருந்தாள். ஒரு கையில் வாளித் தண்ணீர். இன்னொரு கையில் கம்பிக் கொக்கிகள். தண்ணீரை அவள் வேரில் நிதானமாக ஊற்றினாள். தண்ணீர் உடம்புக்குள் ஏறியபோது அவளுக்குத் தன்னையும் மீறி இதமாக இருந்தது. பிறகு மற்றவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் அடுக்கினாள். மண்ணில் நின்றவள் எண்ணினாள். ஒன்பது. கீறாத விரலும் ஒன்பது.

அவளுடைய வலதுகையை எடுத்து, சுண்டுவிரலை வளைத்துப் பார்த்தாள் மற்றவள். நன்றாகத்தான் வளைந்தது. மேல் கணுவைத் தடவிக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே கத்தியை வைத்தாள்.

பெல் ஒரு தரம் அடித்தது.

"இதோ முடிச்சுட்டு வந்துட்டேங்க" என்று திரும்பாமலே குரல் கொடுத்துவிட்டு, சாய்வாக, அளவாக, அவள் போடுகிற மாதிரியே கீறினாள்.